மருமகன் கொண்டுவந்த துப்புரவாளர்கள்

என் கணினிக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. வைத்தியம் பார்க்க ஆள் வந்த பிறகுதான் அது படுக்கையில் விழுந்தது. வீட்டுக் கணினியைப் பரிசோதிக்கிறேன், குப்பை அள்ளுகிறேன், நாளைக்கு வரப்போகும் கோளாறை இன்றைக்கே தடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. தேடிப் பார்க்கவும் எனக்கு மனமில்லை.

முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். கந்தோருக்கு முதல் கணினி வந்தபோது பெரியவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். வேலை செய்ய என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கணினி எதனால் பழுதாகும் என்று எனக்குத் தெரியும். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில், எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு வளவுதான். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கரண்ட் போய்ப் போய் வரும். பல்லி உள்ளே புகுந்து செத்துக் கிடக்கும். இதற்கெல்லாம் நான் வைத்திருந்தது பெயின்ட் அடிக்கிற சின்னத் தூரிகை ஒன்றும், தடித்த கைத்தறித் துணியில் தைத்த உறை ஒன்றும்தான். மழை இருட்டினால் பிளக்கைக் கழற்றிவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்கு வாங்கிய கணினி இவ்வளவோடு ஏழு வருஷம் ஓடியது. உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்த மென்பொருள் ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

அந்தக் கணினியில் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. என் தங்கைக்குப் புத்தகம் வாசித்தேன். பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. கலியாணம் முடிக்கவில்லை. உம்மா எங்கள் இருவருக்கும் வளவைப் பிரித்துக் கொடுத்ததால் வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டில் இருக்கிறாள். நாற்பது தாண்டிய பிறகு வெளிவாரிப் பட்டப் படிப்புக்குப் பதிந்தாள். ஊர் சிரித்தது. "இந்த வயசுல, கண்ணும் இல்லாம, படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவள் முதல் இரண்டு வருஷத்தையும் தாண்டினாள். இறுதி வருஷத்தில் இரண்டு தரம் தவறிவிட்டாள். மூன்றாம் தரம்தான் கடைசி. அதிலும் தவறினால் பட்டமும் இல்லை, திரும்ப எழுத இடமும் இல்லை என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அவளுக்கு வாசித்தேன்.

அதுவரைக்கும் அவள் படித்தது, வருகிறவர் போகிறவரைக் கெஞ்சி வாசிக்கக் கேட்டுத்தான். ஒருவர் அரைப்பக்கத்தில் கொட்டாவி விடுவார், இன்னொருவர் கடினமான சொல்லை விழுங்கிவிடுவார். இந்த முறை ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் நானே வாசித்துப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். லுஹர் தொழுததும் ஜன்னலைச் சாத்தி, மேலே போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கின் முன்னால் உட்காருவேன். ஒவ்வொரு பாடத்தையும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவேன். மீன்காரர் ஹோர்ன் அடித்தால் நிறுத்துவேன். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அது ஒழுங்கை முடியும்வரை காத்திருப்பேன். தமிழ், இஸ்லாமிய நாகரிகம், அரசறிவியல். பத்து மாதம் வாசித்தேன்.

ஒரு பாடம் முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி வேலிக்கு மேலால் கொடுப்பேன். அவள் அதைத் தன் ரேடியோவில் செருகிக் கேட்பாள். சின்னப் பென் டிரைவ், இடம் போதாது. கேட்டு முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவேன். முழுவதும் இருந்தது கணினியில் மட்டும்தான். சோதனைக்கு முந்திய மூன்று வாரமும் முதலிலிருந்து கடைசி வரை திரும்பக் கேட்பது என்பது எங்கள் ஏற்பாடு. அதற்காகப் பெரிய பென் டிரைவ் ஒன்றும் வாங்கினேன். வாங்கி அலுமாரியில் வைத்திருந்தேன்.

இதற்கிடையில்தான் என் மகளுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கம் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தார். ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் பதினொரு மென்பொருளும் அவரோடு வந்தன. சவர்க்காரக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். கணினியை வீடியோ பார்த்துப் படித்தவர். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். கெட்ட பிள்ளை என்று நானும் சொல்லவில்லை. கெட்ட பிள்ளைகள் கணினியில் படம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான் அதைத் திருத்த உட்காருவார்கள்.

மருமகனுக்கு முன்னால் மாமி வருவதில்லை. இப்போதைய பெண்கள் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் தொங்குகிற திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஏதும் சொல்ல இருந்தால் மகளிடம் சொல்வேன், மகள் போய் அவரிடம் சொல்வாள். மகள் வீட்டில் இல்லாவிட்டால், பிளேன்டித் தேநீரைத் திரை ஓரத்து முக்காலியில் வைத்துக் கோப்பையில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். இப்படி ஐந்து மாதத்தில் அவரும் நானும் நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

வந்து மூன்றாம் நாளே பரிசோதனை தொடங்கிவிட்டது. மகள் குசினிக்கு ஓடி வந்தாள்.

"உம்மா, உங்கட கொம்பியூட்டர்ல ஆயிரத்துச் சொச்சம் பிரச்சின இரிக்காம். செவப்பாக் காட்டுது."

"எனக்கே அவ்வளவு பிரச்சின இல்ல. பெட்டிக்கு எப்படிடி வந்த?"

"உள்ளுக்கு ரிஜிஸ்ட்ரியில பிழையாம். திருத்தாட்டிப் பெட்டி மவுத்தாப் போயிருமாம்."

"அந்தப் பிழையோடதானே ஏழு வரிசம் ஓடின. ஓடுறத என்னத்துக்குத் திருத்துற எண்டு கேளு போய்."

அவள் போய்க் கேட்கவில்லை. கலியாணம் முடித்து மூன்று நாளான மாப்பிள்ளையிடம் எந்தப் பெண் கேட்பாள்?

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலாவது மென்பொருள் குப்பை அள்ளியது. அது சரியாக அள்ளுகிறதா என்று பார்க்க இரண்டாவது வந்தது. இரண்டாவது எழும்பிய உடனே முதலாவதை ஆபத்தான பேர்வழி என்று பிடித்துக் கொடுத்தது. முதலாவது சும்மா இருக்குமா? அது இரண்டாவதைப் பிடித்துக் கொடுத்தது. இரண்டும் இரவு பகலாக ஒன்றையொன்று உளவு பார்த்ததில் கணினி நகர முடியாமல் நின்றது. நின்ற கணினியை ஓட வைக்க, வேகம் கூட்டுகிறேன் என்று மூன்றாவது வந்தது. அது வேகம் கூட்டியதோ இல்லையோ, திரையின் மூலையில் உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் சேவையைப் பற்றித் தானே பீற்றிக்கொண்டது. சவர்க்காரம் விற்கிறவர் அதை நம்பினாரே என்றுதான் எனக்கு ஆச்சரியம். முதலில் பயம் காட்டு, பிறகு சாமானை நீட்டு என்கிற வித்தை அவருக்குத் தெரியாததா?

என் வீட்டுக்காரருக்கோ வாயெல்லாம் பல். சுபஹ் தொழுதுவிட்டு வந்து மருமகன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொட்டதும் "மாஷா அல்லாஹ்" என்பார். தன் வாழ்நாளில் கணினியில் ஒரு எழுத்தைத் தட்டியறியாத மனிதர்.

"மருமகன் பெட்டிய என்னமாத் துப்புரவாக்கி வச்சிரிக்காரு, பாத்தியா?" என்று குசினிக்குள் வந்து கேட்டார்.

"முந்தி ஒரு நிமிசத்துல எழும்பின பெட்டி. இப்ப நான் சோறாக்கி வடிச்ச பொறகும் எழும்புதில்ல."

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு குற. அவரு பாவம், ஆசையாச் செய்றாரு."

அப்போதே என் பதிவுகளைப் பெரிய பென் டிரைவில் ஏற்றி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கு அந்த மென்பொருள்களின் மேல் இருந்தது அவ்வளவு இளக்காரம். இந்தத் தற்குறிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும், என் சாமானைத் தொடத் தெரியாது என்று நினைத்தேன்.

சோதனைக்கு மூன்று வாரமும் சில நாளும் இருந்தன. மகள் கர்ப்பிணி கிளினிக்குக்குப் போயிருந்தாள். அசர் தொழுதுவிட்டு என் வீட்டுக்காரர் பள்ளிவாசலடியில் கதை போட நின்றுவிட்டார். மருமகன் மட்டும் வந்து கணினியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் புதிதாக இன்னொன்று இறக்கியிருந்தார். மற்றதெல்லாம் மேலால் கூட்டுமாம், இது அடியோடு கழுவுமாம். நான் பிளேன்டி ஊற்றிக்கொண்டு திரை ஓரம் வந்தேன். இடுக்கால் கணினித் திரை நன்றாகத் தெரிந்தது.

நீளமான ஒரு பட்டியல். தலைப்பில், பெரிய கோப்புகள், பல நாளாக யாரும் திறக்காதவை, அகற்றலாம் என்று இருந்தது. கீழே தமிழ் ஒன்று, தமிழ் இரண்டு, தமிழ் மூன்று. அதற்குக் கீழே இஸ்லாமிய நாகரிகம். அதற்குக் கீழே அரசறிவியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி அடையாளம் போட்டாயிற்று; இனி 'அகற்று' என்ற பொத்தானை அமத்துவதுதான் மிச்சம். பத்து மாத வாசிப்பு. யாரும் திறக்கவில்லையாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காது வைத்துக் காத்திருந்தது அந்த அறிவாளி மென்பொருளுக்கு எங்கே தெரியப் போகிறது?

மருமகனுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு எட்டு. "அத அமத்தாதீங்க" என்று சொன்னால் போதும். தலையில் முக்காடும் இருந்தது, திரையை விலக்கக் கையும் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. ஐந்து மாதம் கதைக்காத மருமகனோடு முதன்முதல் கதைப்பது ஒரு ஏச்சாகவா இருக்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் நான் எப்படிப் போய் முன்னால் நிற்பது என்று என்னென்னவோ ஓடியது. கரண்டியை எடுத்துக் கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாக, நாலைந்து தரம், பிளேன்டி தெறிக்கத் தெறிக்கத் தட்டினேன்.

"வையுங்க மாமி, ஒரு நிமிசம்" என்றார், கண்ணை எடுக்காமல். அமத்தினார்.

திரை முழுக்கக் கலர்க் கடதாசி பொழிந்தது. வாழ்த்துகளாம். பாதி இடம் மிச்சமாம். ஒரு மனுசியின் படிப்பைக் கொன்றுவிட்டு அந்தச் சனியன் பூத்தூவிக் கொண்டாடியது. அதைப் போல ஒரு அருவருப்பை நான் எதன் மேலும் பட்டதில்லை.

மகள் வந்ததும் சொன்னேன். அவள் அறைக்குள் போய் அவரிடம் சொன்னாள். அவர் முகம் வெளிறி வெளியே வந்து, "பாவிக்காத பைல் எண்டுதானே காட்டின" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அழிந்ததை மீட்டுத் தரும் மென்பொருள் என்று இன்னும் இரண்டை இறக்கி அதே கணினியில் ஏற்றினார். விடிய விடியத் தேடி, கோப்புகள் எல்லாம் அதே பெயரோடு திரும்பி வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒன்றைத் திறந்து கேட்டேன். பிஸ்மில்லாஹ் என்று என் குரல். அதற்குப் பிறகு கருவாடு பொரிகிற மாதிரிச் சத்தம். அடுத்ததையும் திறந்தேன். பிஸ்மில்லாஹ், மறுபடியும் கருவாடு. எல்லாம் அப்படித்தான்.

கல்முனை பஸாரில் கணினி திருத்துகிற ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அழிஞ்ச உடனே கரண்டப் புடுங்கிட்டுக் கொண்டந்திருந்தா முக்காவாசி எடுத்திருக்கலாம். அதுக்கு மேல எத்தினய ஏத்தியிரிக்கீங்க! மீட்கிற சாமான்தான் உங்கட பைலுக்கு மேல ஏறிப் படுத்திரிக்கி."

பெட்டி வீட்டுக்கு வந்தது. மருமகன் பழக்கத்தில் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"எழும்புங்க மருமகன்."

அவர் சாரனைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழும்பினார். "மாமி..."

"இனி இந்தக் கதிரையில நான்தான் இரிப்பன். நீங்க கிட்ட வரப்படாது."

"யா அல்லாஹ், என்ன வேல இது, மருமகனுக்கு முன்னால!" என்று என் வீட்டுக்காரர் வாயில் கை வைத்தார். அவருக்கும் சேர்த்து இரண்டு சொன்னேன். தேவைப்பட்ட அன்றைக்கு வராத தைரியம், தேவை முடிந்த பிறகு வந்து குதித்தது. அப்படிப்பட்ட தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதினொன்றையும், பிறகு இறக்கிய மூன்றையும் ஒவ்வொன்றாக அகற்றினேன். போகும்போதும் அவை சும்மா போகவில்லை. நிச்சயமாகவா என்று கேட்டன. நான் போனால் உன் கணினி ஆபத்தில் விழும் என்று மிரட்டின. ஒன்று, ஏன் எங்களைப் பிரிகிறீர்கள், காரணம் எழுதுங்கள் என்று பெட்டி ஒன்றைத் திறந்து காட்டியது. முப்பது வருஷம் தட்டெழுத்தாளராக இருந்தவளிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. தூய தமிழில் நிறைய எழுதி அனுப்பினேன். இங்கே அச்சில் போட முடியாது.

தங்கையிடம் வேலியடியில் நின்று சொன்னேன். மருமகன் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தின நாள் இரிக்கி?"

"இருவத்தொரு நாள்."

"அப்ப தொடங்குங்க ராத்தா" என்றாள்.

தொடங்கினேன். முக்கியமான பாடங்களை மட்டும் பொறுக்கி, காலை, பகல், அசருக்குப் பிறகு என்று நாளைக்கு மூன்று அமர்வு. தமிழ் முடிந்தது. இஸ்லாமிய நாகரிகம் முடிந்தது. அரசறிவியலில் பாதியில் என் தொண்டை அடைத்தது. காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. டொக்டர் பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்றார். மகள் வாசிக்கப் பார்த்தாள்; வயிற்றுப் பிள்ளைக்காரி, ஒரு பக்கத்துக்குள் சத்தி வந்து வாளியைத் தேடி ஓடினாள். மருமகன் தானே வந்து இரண்டு பாடம் வாசித்துக் கொடுத்தார். அரசியலமைப்பைச் சவர்க்காரம் விற்கிற மாதிரிக் கூவினார். தங்கை அதையும் பொறுமையாகக் கேட்டாள். அதற்குள் நாள் வந்துவிட்டது. அவள் போய், தான் சொல்லச் சொல்ல எழுதுகிற ஒருவரை வைத்துச் சோதனை எழுதிவிட்டு வந்தாள்.

முடிவு கணினியில்தான் வந்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தமிழ், சித்தி. இஸ்லாமிய நாகரிகம், சித்தி. அரசறிவியல், சித்தியில்லை.

"மறுகா ஒருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். அதேதான். அவள் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "சரி, முடிஞ்சு" என்றாள். இனி எழுத இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் அழவில்லை. நான் அழுதேன்.

மருமகன் வந்து வாசலில் நின்றார். "சின்ன மாமி, என்ன மன்னிச்சிக்கங்க" என்றார். தங்கைக்கு இந்தத் திரைக் கதையெல்லாம் கிடையாது. முதல் நாளிலிருந்தே அவரோடு நேரே கதைப்பவள்.

"நீங்க தெரியாமத்தானே மகன் செஞ்சீங்க. அந்தச் சாமான் சொன்னத நம்பிட்டீங்க. மனசுல வச்சிக்காதீங்க, போங்க" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகிறார், நான் பக்கத்தில் நல்லவளாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் அண்டைக்குப் பாத்தன்" என்றேன்.

"எத?"

"அவரு அழிக்கிறத. திரைக்குப் பின்னால நிண்டு பாத்தன். உன்ட பாடமெல்லாம் வரிசையா இரிந்த. அமத்தப் போறாரெண்டு தெரியும்."

அவள் தலை என் பக்கம் திரும்பியது. "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"கோப்பையில தட்டினன்."

"வாயால ஒண்டும் சொல்லல்லயா?"

"மருமகனுக்கு முன்னால எப்படிப் புள்ள..."

அவள் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

"எனக்கெண்டாக் கண்ணில்ல ராத்தா. உங்களுக்கு என்ன வந்த?"